ஆவியழுத்தக் கணக்கும் மேகநாத சாகாவும்

ஆவியழுத்தக் கணக்கு என்றதும் பின்வரிசைக்கு ஒதுங்குகிறவர்களில் நானும் ஒருவன். நீர் 760 மில்லிமீட்டர் அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதன் ஆவியாதல் வெப்பமும் தெரியும். இவற்றைக் கொண்டு, கிளாசியஸ்–கிளாப்பெரான் சமன்பாட்டின்படி 90 டிகிரியில் ஆவியழுத்தம் என்னவென்று, ஆவடியிலிருந்து வரும் மின்ரயிலில் நோட்டின் பின்பக்கத்தில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 530 வந்தது. அளந்து கண்ட மதிப்பு 526! இந்த வழியையே சூரியன்வரை கொண்டுசென்றவர் ஒருவர் உண்டு என்றார் எங்கள் விரிவுரையாளர். அவரே மேகநாத சாகா.

1893 அக்டோபர் 6ஆம் நாள், டாக்காவை அடுத்த சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு கடைக்காரர். தொடக்கப் பள்ளியோடு மகனைக் கடையில் உட்காரவைக்க எண்ணினார். (என்னையும் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் சேர்த்துவிடும் பேச்சு வீட்டில் எழுந்ததுண்டு.) தமையனார் முயன்று, வெளியூர் மருத்துவர் ஒருவர் வீட்டில் தங்கிப் படிக்க வழிசெய்தார். அங்கே தம் பாத்திரத்தைத் தாமே கழுவி, மாட்டையும் பார்த்துக்கொண்டார். பிறகு டாக்காவில், வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆளுநர் வருகையைப் புறக்கணித்ததால் உதவித்தொகையும் போயிற்று, பள்ளியும் போயிற்று. வேறு பள்ளியில் படித்தே கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியை எட்டினார். விடுதியில் அவருடைய சாதியைக் காட்டி உடனுண்ண மறுத்தார்கள். அதைப் படித்த இடத்தில் சற்றுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

சாகா கணிதம் பயின்றவர். வெப்ப இயக்கவியலை மாணவர்க்குக் கற்பிக்க நேர்ந்தபோதுதான் தாமும் கற்றார். நீர்மத்தை விட்டு மூலக்கூறு ஆவியாக வெப்பம் வேண்டும். அணுவை விட்டு எலக்ட்ரான் பிரியவும் ஆற்றல் வேண்டும். 1920இல், ஆவியாதல் வெப்பம் நின்ற இடத்தில் அயனியாக்க ஆற்றலை நிறுத்தினார் சாகா. கால்சியத்துக்கு அது சுமார் 6.1 எலக்ட்ரான் வோல்ட். வெப்பநிலை உயர்ந்தால் பிரிவு மிகும் என்பது நமக்கே தோன்றும். அழுத்தம் குறைந்தாலும் மிகும் என்பதுதான் அக்கணக்கின் நயம். பிரிந்த எலக்ட்ரானுக்கு மீண்டும் சேர அயனி அகப்படுவது அரிதாகிறதல்லவா? சூரியனின் மேல்மண்டலத்தில் அயனியான கால்சியத்தின் நிறமாலைக் கோடுகள் ஏன் ஓங்கித் தெரிகின்றன என்பது இதனால் விளங்கிற்று. விண்மீனின் நிறமாலையைக் கொண்டு அதன் வெப்பநிலையைக் கணிக்கவும் வழி பிறந்தது. தொலைநோக்கி அவர் கையில் இல்லை, காகிதம் இருந்தது.

1927இல் இராயல் கழக உறுப்பினரானார். 1952இல் மக்களவைக்கும் சென்றார். 1956 பிப்ரவரி 16 அன்று, புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார். வயது 62.

அவரும் சிறீவாத்சவாவும் எழுதிய வெப்பவியல் பாடநூல் எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்தது. இவ்வாரம் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் திங்களன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.