சந்தியில் ஒரு கணம் நிற்க வைத்தவர்

நாவிதன்வெளியில் இருந்து கிட்டங்கி ஊடாகக் கல்முனைக்குக் கார் ஓட்டிப் பழகும் எனக்குச் சந்திகள்தான் இன்னும் பயம். பிரதான வீதியில் ஏறும் முன் முழுதாக நிறுத்தி, வலம், இடம், மறுபடி வலம் பார்க்கச் சொல்வார் பழக்கும் நானா. அந்த ஒரு கணத்தின் பெறுமதியை அறிந்திருந்தவர் கரட் மோர்கன்.

1877இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். பெற்றோர் அடிமைத்தளையில் இருந்து மீண்டவர்கள். ஆரம்பக் கல்வியோடு படிப்பு நின்றது. கிளீவ்லாந்து நகரில் தையல் மெசின் திருத்தி முன்னேறினார். புகைக்குள் மூச்சுவிட உதவும் முகமூடிக்கு 1914இல் காப்புரிமை பெற்றார். 1916இல் ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கம் வெடித்தபோது அதை அணிந்து இறங்கி ஆட்களை மீட்டார். சில பதக்கங்களோ வேறு ஆட்களுக்குப் போயின. அவர் கறுப்பினத்தவர் என அறிந்ததும் சிலர் முகமூடி வாங்குவதையே நிறுத்தினர்.

அவர் மனம் சோரவில்லை. சந்தியொன்றில் நடந்த மோதலைக் கண்ட பின் சமிக்ஞை பற்றி யோசித்தார் என்பர். அன்றைய சமிக்ஞைகள் பலவற்றில் நில், போ என்ற இரண்டு நிலைகளே இருந்தன. 1923 நவம்பர் 20இல் காப்புரிமை பெற்ற அவரது கம்பத்தில் மூன்றாவது நிலையும் இருந்தது. அப்போது எல்லாத் திசை வாகனங்களும் நிற்கும். சந்திக்குள் அகப்பட்டவர் வெளியேறுவார், நடப்பவர் கடப்பார். இன்றைய மஞ்சள் விளக்கு தரும் அவகாசமும் சந்திக்குள் அகப்பட்டவர் வெளியேறத்தான். 1963இல் காலமானார்.

சோதனைச்சாவடிகளில் பயந்து நின்ற காலம் எங்களுக்கு உண்டு. இன்று சந்தியில் நான் நிற்கும் ஒரு கணத்தில், குறுக்கே சைக்கிளில் வரும் பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேருகிறது. மஞ்சளைக் கண்டு நான் வேகத்தைக் கூட்டுவதில்லை.