நேதாஜிக்கு முன்னே ஒரு ஜெனரல்

தோட்டப் பாட்டாளிகளே, ஜப்பான்காரன் காலம் என்று பேச்செடுத்தால் நம்ம வீட்டுப் பெரியவங்க சொன்னதெல்லாம் மரவள்ளிக்கிழங்கு, சயாம் ரயில், அப்புறம் நேதாஜி. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். அதற்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே, நம்ம பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில், இந்திய தேசிய ராணுவத்துக்கு விதை போட்ட ஒருவர் இருந்தார். அவர்தான் ஜெனரல் மோகன் சிங். அவர் பெயரை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

1909 ஜனவரி 3-ம் தேதி, பஞ்சாபில் சியால்கோட் ஜில்லாவைச் சேர்ந்த உகோக்கி கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை. அவர் பிறப்பதற்கு இரண்டு மாதம் முந்தியே தந்தை தாரா சிங் கண்ணை மூடிவிட்டார். தாயார் ஹுக்கம் கௌர் அதே ஜில்லாவிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பையன் பிறந்து, வளர்ந்து, படித்து, 1927-ல் பதினாலாவது பஞ்சாப் ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சிபாரிசு பிடித்து மேலே போனவர் அல்ல. வேலையைப் பார்த்து 1931-ல் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். டேராடூன் ராணுவக் கல்லூரியில் படித்து 1935-ல் அதிகாரியானார்.

1940 டிசம்பரில் கலியாணம். பெண் ஜஸ்வந்த் கௌர், கூட வேலை பார்த்த இன்னொரு அதிகாரியின் தங்கை. புது மாப்பிள்ளைக்கு மூன்று மாதம்தான் கொடுத்துவைத்தது. 1941 மார்ச் 4-ம் தேதி பட்டாளத்தோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கணவனைப் பார்க்க ஐந்து வருஷம் போல ஆகிவிட்டது.

அவர் வந்திறங்கிய அந்த மாதங்களில்தான் கிள்ளான் தோட்டங்களில் நம்ம ஆளுங்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் பட்டாளத்தை இறக்கியது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். துரைமார் கிளப்புகள் பலவற்றில் இந்திய அதிகாரிக்கும் இடம் கிடையாது. தோளில் நட்சத்திரம் இருந்தாலும் தோல் கறுப்புத்தானே! இதெல்லாம் மோகன் சிங் மாதிரி ஆட்கள் மனசில் ஊறிக்கொண்டே இருந்தது.

1941 டிசம்பர் 11. கெடாவில் ஜித்ரா பக்கம் கொட்டுகிற மழை. ஜப்பான் டாங்கிகள் அவர் பட்டாளத்தின் மேலேயே ஏறி வந்தன. டாங்கியைக் கண்ணால் பார்த்தே இராத சிப்பாய்கள் அங்கே ஏராளம். படை சிதறிப்போயிற்று. காட்டில் நாலு நாள் அலைந்த பிறகு மோகன் சிங் அலோர்ஸ்டாரில் ஜப்பானியரிடம் சிக்கினார். அங்கே மேஜர் புஜிவாரா என்ற ஜப்பான் அதிகாரியும், கியானி பிரீத்தம் சிங் என்ற சீக்கியப் பெரியவரும் அவரைச் சந்தித்தார்கள். கொள்ளை நடந்துகொண்டிருந்த அலோர்ஸ்டார் பட்டணத்தில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பை இந்தக் கைதியிடமே புஜிவாரா ஒப்படைத்தார். இந்தியச் சிப்பாய்களோடு உட்கார்ந்து கையால் பிசைந்தும் சாப்பிட்டார். வெள்ளைக்கார அதிகாரி யாரும் அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

ஆனாலும் மோகன் சிங் எடுத்த எடுப்பில் தலையாட்டிவிடவில்லை. நாள்கணக்கில் பேச்சு நடந்தது. ஜப்பான் படை தெற்கே இறங்க இறங்க, பேச்சும் கூடவே இறங்கி வந்தது. டிசம்பர் 31-ம் தேதி தைப்பிங்கில் ஒப்புக்கொண்டார். இந்தியக் கைதிகள் தன் பொறுப்பில் விடப்பட வேண்டும், அமையப்போகும் படையை ஜப்பான் தன் கூலிப்படையாக நினைக்காமல் நேசப்படையாக நடத்த வேண்டும் என்பவை அவர் கேட்டவற்றில் முக்கியமானவை. அதே நேரம் தெற்கே கம்பாரில் சண்டை மும்முரம். அங்கே பிரிட்டிஷ் பக்கம் நின்று போராடியவர்களிலும் பஞ்சாப் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒரே ஊர்க்காரன் இரண்டு பக்கமும்!

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து பேரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கூடினார்கள். அவர்கள் நடுவே நின்று மோகன் சிங் படைக்கு ஆள் கேட்டார். செப்டம்பர் 1-ம் தேதி சுமார் 16,000 பேரோடு இந்திய தேசிய ராணுவம் முறைப்படி அமைந்தது. காப்டனாக வந்தவர் ஜெனரல் ஆனார். சேர மறுத்தவர்கள் முகாம்களில் துன்புறுத்தப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அதை மூடிமறைத்து அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் யார் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஜூனில் பாங்காக்கில் இந்தியர் மாநாடு நடந்தது. இந்தியாவின் சுதந்திரத்தையும் இந்தப் படையின் தனி அந்தஸ்தையும் ஜப்பான் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். டோக்கியோவிலிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. வாய்ச்சொல் மட்டும் இனிப்பாக வந்தது. கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறின நம்ம பாட்டன்மாருக்கு வாய்ச்சொல்லின் விலை தெரியும். அந்த ஆண்டு முடிவில் ஜப்பான்காரன் இந்திய தேசிய ராணுவத்து ஆட்களைப் பர்மாவுக்கு அனுப்பச் சொன்னான். எழுத்தில் உறுதி வராமல் ஒரு ஆளையும் அனுப்ப முடியாது என்று மோகன் சிங் மறுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அவரே ஜப்பான்காரன் கைக்குள் இருக்கிற மனிதர். சோறும் துப்பாக்கியும் அவன் கொடுத்தது. ஊரில் மனைவி, கடிதப் போக்குவரத்துக்கு வழியில்லை. தலையாட்டியிருந்தால் ஜெனரல் பட்டமும் பங்களாவும் நிலைத்திருக்கும். அவரோ, தன்னைக் கைது செய்தால் அந்தக் கணமே படை கலைந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவு எழுதி வைத்தார். 1942 டிசம்பர் 29-ம் தேதி கைதானார். உத்தரவுப்படி படை கலைந்தது. சிப்பாய்கள் சின்னங்களைக் கழற்றினார்கள், தஸ்தாவேஜுகளைக் கொளுத்தினார்கள். தான் கட்டிய வீட்டைத் தானே பிரித்துப் போட்டவர் அவர். அவசரப்பட்டுவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வருஷமே நம்ம தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை அதே ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

மோகன் சிங்கைச் சிங்கப்பூருக்குப் பக்கத்து உபின் தீவில் வைத்தார்கள், பிறகு சுமத்ராவுக்குக் கொண்டுபோனார்கள். நேதாஜி வந்து படையை மறுபடி எழுப்பினார். தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். அதை உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் முதல் ஜெனரலுக்கு இல்லை. அவர் காவலில் கிடந்தார்.

சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ்காரன் கைக்கு மாறினார். 1945 நவம்பரில் கைதியாகவே டில்லிக்குப் போய், 1946 மே 4-ம் தேதி விடுதலை ஆனார். ஒருவழியாக மனைவியோடு குடும்பம் நடத்தலாம் என்றால், அடுத்த வருஷம் நாடு பிரிந்தது. சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. வீடும் நிலமும் விட்டு அகதியாக வந்தார். லூதியானா பக்கம் ஜுகியானா கிராமத்தில் கொஞ்சம் நிலம் கொடுத்தார்கள், அங்கேயே குடியமர்ந்தார். காங்கிரசில் சேர்ந்தார், பஞ்சாப் சட்டசபையிலும் பிறகு ராஜ்யசபையிலும் உறுப்பினராக இருந்தார். தன்னோடு நின்ற சிப்பாய்களையும் சுதந்திரப் போராட்டத் தியாகிகளாக அரசாங்கம் மதிக்க வேண்டும் என்று அங்கே விடாமல் குரல் கொடுத்தார். 1974-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார்.

1989 டிசம்பர் 26-ம் தேதி ஜுகியானாவில் காலமானார். தைப்பிங்கில் ஒப்புக்கொண்ட அந்த நாளுக்கு நாற்பத்தெட்டு வருஷம் நிறைய ஐந்து நாள் பாக்கி இருந்தது.