சேர் பொன்னம்பலம் இராமநாதன்: அயலார்க்காக வழக்குரைத்த பெரியார்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம், தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருத்தலைப் பிறந்த நாள் தொட்டுக் கண்டு வளர்ந்தவர்கள். கல்லடியைக் கடந்து தெற்கே சென்றால் காத்தான்குடி, அதனையடுத்து ஆரையம்பதி, இன்னும் சென்றால் களுவாஞ்சிகுடி, அப்பால் மருதமுனை. பிட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இடப்படுதல்போல என்று நம் முன்னோர் இவ்வாழ்க்கையைச் சிறப்பித்துக் கூறுவர். இங்ஙனம் அயலாரோடு கலந்து வாழ்வார் உள்ளத்தில் என்றேனும் ஒருநாள் ஒரு வினா எழாமற் போகாது. அயலானுக்கு அநீதி நேருங்கால் அவன்பொருட்டு வாய் திறக்க வேண்டியவர் யாவர்? நம் கல்லூரியின் யூபிலி மலரில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு இவ்வினாவே காரணமாகும். அவர் வாழ்வில் இதற்குச் சிறந்ததொரு விடை உண்டு. அவ்விடையில் ஒரு குறையும் உண்டு. இரண்டையும் அறிதல் நமக்கு நன்று.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் புதல்வராகத் தோன்றினார். மூத்தவர் குமாரசாமி, இளையவர், பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக விளங்கிய அருணாசலம். தாய்வழிப் பாட்டனாரும், தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமியும் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதிகளாய் இருந்தவர்கள். கொழும்பிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதன், சட்டம் கற்று அப்புக்காத்தாகி, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டு நற்பெயர் பெற்றார்.

1879ஆம் ஆண்டில் முத்துக்குமாரசுவாமி காலமாகவே, சபையில் தமிழர்க்குரிய இடம் வெறிதாயிற்று. அக்காலத்தில் வாக்கெடுப்பு இல்லை, தேசாதிபதியே நியமிப்பார். கிறிஸ்தோபர் பிறிற்றோ என்னும் சட்ட அறிஞரும் அவ்விடத்தை நாடி நின்றார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அவர்கள் இராமநாதனே தக்காரெனக் கண்டு, மக்களைக் கூட்டி, அவர் சார்பாகக் கருத்துத் திரட்டினார். அவ்வாண்டின் இறுதியிலே நாவலர் சிவபதம் அடைந்தார். இருபத்தெட்டு வயதுடைய இளைஞர் இராமநாதன் சபையில் அமர்ந்தார். வடக்கிலிருந்து நம் வாவிக்கரை ஈறாக, இலங்கைத் தமிழர் அனைவர்க்கும் அவர் ஒருவரே வாயாக அமைந்தார். முஸ்லிம்களுக்கும் அந்நாளில் வேறு பிரதிநிதி இருந்ததில்லை.

அச்சபை எத்தகையது என்பதை இங்கு விளக்குதல் அவசியம். 1833இல் அமைக்கப்பட்ட அச்சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர். உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர்க்கும் தமிழர்க்கும் பறங்கியர்க்கும் ஒவ்வோரிடமே. உத்தியோகத்தர் அரசாங்கத்தின் சொற்படியே வாக்களிப்பர். ஆதலால் எத்துணைச் சிறந்த வாதத்தாலும் அங்கு வாக்கிலே வெல்லுதல் அரிது. ஆயினும் அங்கே பேசப்பட்டவை அச்சேறின. அவ்வச்சுப் பிரதிகள் இலண்டனுக்குச் சென்றன. அங்கே குடியேற்ற நாட்டு மந்திரியின் மேசையையும் பாராளுமன்ற அங்கத்தவர் சிலரின் கையையும் அடைந்தன. அங்கே எழும் ஒரு வினா இங்குள்ள தேசாதிபதியை விடையிறுக்கச் செய்யும். இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர் இராமநாதன். எதிரே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரை மாற்றுதற்காக மட்டும் அவர் பேசினாரல்லர். கடல் கடந்து படிக்கப்போகும் கண்களுக்காகவும் பேசினார். ஆகவே புள்ளிவிவரமும், சட்ட மேற்கோளும், நாள் நேரக் குறிப்பும் அவர் உரைகளில் நிறைந்திருந்தன.

அயலார்க்காக அவர் உழைத்தமைக்கு முதற்சான்று வெசாக் விடுமுறையாகும். புத்த சமயத்தவர் பெரும்பான்மையினராய் வாழும் நாட்டில் அவர்தம் புனித நாளுக்கு அரசாங்க விடுமுறை இருந்ததில்லை. 1883இல் கொட்டாஞ்சேனையிலே புத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலகம் விளைந்தபின் புத்தரின் மனக்குறை வளர்ந்தது. ஒல்கொட் அவர்கள் அடுத்த ஆண்டு இலண்டன் சென்று முறையிட்டார். சைவராகிய இராமநாதன் இங்கே அக்கோரிக்கைக்குத் துணைநின்று வாதாடினார். சேர் ஆதர் கோர்டன் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1885ஆம் ஆண்டிலே, வெசாக் பூரணை விடுமுறை நாளாயிற்று.

1892 முதல் 1906 வரை அவர் சொலிசிற்றர் ஜெனரலாகப் பதவி வகித்தார். ஓய்வை ஒட்டிய காலத்தில் அமெரிக்கா சென்று சமய உரைகள் நிகழ்த்தினார். கொழும்பு ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற்றிருப்பணியாக எடுப்பித்தார். பகவற்கீதைக்குத் தமிழில் உரை வகுத்தார். 1911இல், படித்த இலங்கையர்க்கென ஓரிடம் தேர்தல் மூலம் நிரப்பப்பட்டபோது, சிங்களவராகிய சேர் மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து நின்று வென்றார். வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறக்குறைய மூவாயிரவரே. சிங்கள வாக்காளர் பலர் தமிழரைத் தெரிவு செய்தமை பெருமைக்குரியதே. எனினும் சிங்களவரிடையே நிலவிய சாதிப் போட்டியும் அவ்வெற்றிக்கு உதவிற்று என்பதை வரலாறு மறைப்பதில்லை.

அவரது வாழ்வின் பெருஞ்சோதனை 1915இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் 28ஆம் நாள் இரவு கண்டியிலே, பள்ளிவாசல் ஒன்றின் அருகே சென்ற வெசாக் ஊர்வலத்தை ஒட்டிக் கலகம் மூண்டது. கம்பளையில் பெரஹராவின் பாதை குறித்து நிகழ்ந்த நீண்ட வழக்கு அதற்குமுன் மனக்கசப்பை வளர்த்திருந்தது. சில நாட்களுள் கலகம் ஐந்து மாகாணங்களில் பரவிற்று. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். கிழக்கு மாகாணம் அக்கலகத்திலிருந்து தப்பியது.

ஐரோப்பாவிலே அப்பொழுது பெரும்போர். இதனைப் பிரித்தானிய ஆட்சிக்கெதிரான சதியென்று அஞ்சிய தேசாதிபதி சேர் றொபேட் சால்மேர்ஸ் ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் 30ஆம் நாள்வரை நீடித்தது. சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கவும், குடிமக்கள் இராணுவ மன்றங்களின்முன் நிறுத்தப்பட்டனர். விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டனர். டி. எஸ். சேனநாயக்கா, அவர் தமையனார் எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இருபத்தாறு வயது இளைஞர் ஜூலை 7ஆம் நாள் மரண தண்டனைக்கு உள்ளானார். கலகம் நிகழ்ந்த பகுதிகளிற் சிங்களவர்மீது, குற்றஞ் செய்தவர் செய்யாதவர் என்ற வேறுபாடின்றி, நட்டஈடு சுமத்தப்பட்டது. அதிகாரிகள்மீது எவரும் வழக்கிடாவண்ணம் இலண்டனிலிருந்து கட்டளையும் பிறந்தது.

சிங்களத் தலைவர்கள் சிறையிலும் அச்சத்திலும் இருக்க, சபையில் எழுந்து பேசினார் இராமநாதன். அவருக்கு அப்பொழுது வயது அறுபத்து நான்கு. போர்க்காலத்தில் அரசாங்கத்தைக் குறைகூறுவோன் இராசத்துரோகியெனப் பழிக்கப்படும் அபாயம் இருந்தது. அவர் உணர்ச்சியை நம்பவில்லை, சட்டத்தையே நம்பினார். இராணுவச் சட்டமென்பது வேறு வழியில்லாத இடத்துக்கே உரியது. நீதிமன்றம் நடைபெறும் ஊரில் அதற்கு இடமில்லை. கலகம் அடங்கிய நாளோடு அதன் நியாயமும் அடங்கிவிடுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் இனத்தார் அனைவரையும் தண்டித்தல் நீதியன்று. இவையே அவர் வாதத்தின் சாரம். எந்த நாளில் எந்த ஊரில் அமைதி திரும்பியது, அதற்குப்பின் அங்கே யாது செய்யப்பட்டது என்று ஊர் ஊராய் எடுத்துக் காட்டினார்.

சபையில் வாக்குப்பலம் இல்லை என்பது அவர் அறிந்ததே. ஆதலால், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சி மக்கள் கடற்பயணத்தைத் தவிர்த்த அக்காலத்திலே, அவர் இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். போனர் லோ அவர்கள் அக்காலத்துக் குடியேற்ற நாட்டு மந்திரி. ஈ. டபிள்யூ. பெரேராவும், விடுதலை பெற்றபின் ஜயதிலகாவும் அந்நகரில் அதே முயற்சியில் ஈடுபட்டனர். பெரேரா முக்கியமானதொரு கட்டளைத் தாளைச் சப்பாத்தினுள் மறைத்துக் கொண்டுசென்றார் என்பது வழிவழி வந்த செய்தி. இராமநாதனின் உரைகளும், தேசாதிபதியின் கூற்றுகளுக்கு அவர் அளித்த மறுமொழியும் நூலாகி 1916இல் இலண்டனிலே வெளிவந்தன.

பயன் யாது? சால்மேர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப்பின் 1916இல் தேசாதிபதியாக வந்த சேர் ஜோன் அண்டர்சன், சுடப்பட்டு இறந்தார் சிலர்பற்றி விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார். அக்கொலைகள் நியாயமற்றவை என்று அது கண்டது. எனினும், கோரப்பட்ட முழுமையான அரச ஆணைக்குழு வழங்கப்படவேயில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. கேளாதிருந்தால் இவ்வளவும் கிடைத்திராது. இராமநாதன் கொழும்புக்கு மீண்டபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவர் வண்டியைத் தம் கைகளாலேயே இழுத்துச் சென்றனர். தமிழரொருவர்க்குச் சிங்கள மக்கள் அளித்த அவ்வரவேற்பை இந்நாட்டார் மறக்கலாகாது.

இனி, நாம் முன்னர்க் குறிப்பிட்ட குறைக்கு வருவோம். சிங்களவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை அத்துணை நுணுக்கமாய் அளந்த அப்பெரியார், கடையையும் வீட்டையும் உறவினரையும் இழந்த முஸ்லிம்களின் துயரை அதே தராசில் இட்டாரல்லர். இந்தியாவிலிருந்து வந்த சோனக வாணிகர்மீதே குற்றத்தின் பெரும்பகுதியைச் சுமத்துவதாய் அவர் வாதம் அமைந்தது. அரசாங்கத்தின் அநீதியை எதிர்த்தல் வேறு. முதலில் அடிபட்டவனை மறத்தல் வேறு. அதற்கு முன்னரும், 1888இல் இலங்கைச் சோனகரின் இனத்தோற்றம்பற்றி அவர் வாசித்த கட்டுரை, அவர்களைத் தமிழினத்தவரென்றே கூறி, முஸ்லிம் தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. 1889இல் முஸ்லிம்களுக்கெனத் தனி அங்கத்தவர் நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் பின்னர் அக்கட்டுரைக்கு மறுப்பு நூலொன்று எழுதினார். ஒருவன்பொருட்டுப் பேசுதற்கு முன்னர், அவன் தன்னை யாரெனக் கருதுகின்றான் என்று கேட்டறிதல் வேண்டும். வாவிக்கரையார் இதனைப் பிறர் சொல்லாமலே அறிவர்.

இறுதிக்காலத்தில் வேறொரு முரண்பாடும் நேர்ந்தது. 1928இல் வெளிவந்த டொனமூர் அறிக்கை, சமூகவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. சிறுபான்மையினர் பாதுகாப்பிழப்பர் என்ற அவரது அச்சத்தைப் பின்னாளைய நிகழ்ச்சிகள் பொய்ப்பிக்கவில்லை. ஆனால் எளியோர்க்கும் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தலையும் சேர்த்தே அவர் எதிர்த்தார். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. 1921இல் திருநெல்வேலியில் அவர் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. டொனமூர்த் திட்டத்தை எதிர்த்து, முதுமையைப் பொருட்படுத்தாது 1930இல் மீண்டும் இலண்டன் சென்று முறையிட்டார்; இம்முறை பயன் விளையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் காலமானார். 1931இல் வாக்குரிமை யாவர்க்கும் வந்தது.

அவர் 1915இல் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. அமைதி திரும்பியபின்னும் விசேட சட்டம் ஏன் நீடிக்க வேண்டும் என்ற அதே வினாவை, 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் குறித்து நம் காலத்துத் தாய்மார் எழுப்பினர். 1990இல் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்பின் ஒருவராகக் குருதி சிந்தினர். அந்நாட்களில் தன் இனத்தாரின் இழப்பை எண்ணியோர் பலர். அயலாரின் இழப்பையும் சேர்த்தெண்ணியோர் சிலரே.

இக்கல்லூரியிலிருந்து சட்டம் பயிலவும், அரசாங்க உத்தியோகம் பார்க்கவும், சபைகளில் அமரவும் செல்லும் இளைஞர்க்கு இராமநாதன் வாழ்வு கற்பிக்கும் பாடம் தெளிவானது. வாக்குப்பலம் இல்லாவிடினும் பேசுக; பேசுமுன் நாளையும் ஊரையும் சட்டத்தையும் சரிபார்க்குக; இங்கே செவிசாய்ப்பாரில்லையேல் செவிசாய்ப்பார் இருக்குமிடத்துக்குச் செல்லுக. அவர் செய்யாது விட்டதொன்றும் நமக்காக எஞ்சியுள்ளது. மனு எழுதி முடித்தபின், கையொப்பமிடுமுன், அடுத்த ஊரிற் சென்று அதனை ஒருமுறை வாசித்துக் காட்டுதல் வேண்டும்.