மூன்று தங்கமும் முப்பது சுற்றும்

ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. நம் கல்லூரி ரிலே அணியில் மூன்றாவது ஆளாக நான் ஓடிய நாட்களில், ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தேன். பத்திரிகையிலிருந்து கத்தரித்த வில்மா ருடால்ஃப் படம். அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் மூன்று தங்கத்தைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அவருடைய கல்லூரிக் கதைதான் பெரிதாகப் படுகிறது.

1940 ஜூன் 23-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில், குறைமாதத்தில் பிறந்த குழந்தை அவர். அப்பாவின் 22 பிள்ளைகளில் 20-வது! அப்பா ரயிலில் போர்ட்டர்; அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர். போலியோ வந்து இடது கால் துவண்டு போயிற்று. கறுப்பர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி நாஷ்வில்லில் இருந்தது. அம்மா வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் அண்ணன், அக்காமார் முறைவைத்துக் காலை நீவிவிட்டார்கள். பன்னிரண்டு வயது வாக்கில் இரும்புப் பட்டையும் தனிச் செருப்பும் இல்லாமல் நடந்தார். அப்புறம் நடக்கவே இல்லை, ஓட்டம்தான்.

பள்ளியில் கூடைப்பந்து ஆடியபோது நடுவராக வந்த எட் டெம்பிள் கண்ணில் பட்டார். நாஷ்வில்லில் கறுப்பின மாணவர்கள் படித்த டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் டெம்பிள். அவருடைய கோடைக்காலப் பயிற்சியில் சேர்ந்து, 1956-ல் பதினாறு வயதிலேயே மெல்போர்ன் ஒலிம்பிக் ரிலேயில் வெண்கலம் வாங்கிவிட்டார் வில்மா.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்படி ஒன்று நடந்தது. 1958-ல், பள்ளிப் படிப்பு முடிகிற நேரம், கல்யாணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். தாயான பெண்ணை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிள் வைத்திருந்த விதி. எங்கள் காலத்தில் கல்யாணம் நிச்சயமானாலே ஸ்பைக்ஸைக் கழற்றிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான். என்னோடு ஓடிய இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். டெம்பிள் இந்த ஒருத்திக்காகத் தன் விதியைத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ள, வில்மா கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அந்த முடிவை எடுக்க அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும், பாருங்கள்.

மற்றபடி மனிதர் கறார். கல்லூரியிலோ வசதி கிடையாது. வெறும் மண் தரைதான் ஓடுபாதை. படிப்புச் செலவுக்காகப் பெண்கள் தினம் இரண்டு மணி நேரம் வளாகத்திலேயே வேலை செய்தார்கள். பயிற்சிக்கு ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். வில்மா ஒருநாள் அரை மணி நேரம் தூங்கிவிட்டு முப்பது சுற்று ஓடினார். மறுநாள் அரை மணி முன்னதாகவே மைதானத்தில் ஆஜர்!

1960 ரோம் ஒலிம்பிக். 100 மீட்டரை 11.0 விநாடியில் முடித்தார். பின்காற்று அதிகம் என்பதால் சாதனைக் கணக்கில் சேரவில்லை. 200 மீட்டரிலும் தங்கம். எனக்குப் பிடித்தது ரிலே. மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா, நால்வருமே அந்த ஒரே கல்லூரிப் பெண்கள். அரையிறுதியில் 44.4 விநாடி, உலக சாதனை. இறுதியில் கடைசிக் கைமாற்றத்தின்போது பேட்டன் தடுமாறிவிட்டது. அந்த ஒரு கணத்தின் வலி கைமாற்றம் பழகியவர்களுக்குத்தான் தெரியும். வில்மா விட்ட இடத்தைப் பிடித்து முதலாவதாக வந்தார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர்தான்.

சொந்த ஊரில் ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடாயின. வெள்ளையர் தனி, கறுப்பர் தனி என்பதுதான் அந்த ஊர் வழக்கம். அப்படியானால் தான் வருவதற்கில்லை என்று இருபது வயதுப் பெண் சொல்லிவிட்டார். 1960 அக்டோபர் 4-ல் கிளார்க்ஸ்வில் சரித்திரத்தில் முதல் தடவையாக இரு இனத்தாரும் கலந்து நின்று கொண்டாடினார்கள்.

1961-ல் ஸ்டுட்கார்ட்டில் 100 மீட்டரில் 11.2 விநாடி, உலக சாதனை. 1962-ல், இருபத்திரண்டு வயதில், ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். 1963-ல் பட்டம் வாங்கி ஆசிரியை வேலைக்குப் போனார். அமெச்சூர் விதிப்படி ஓட்டத்தில் காசு பண்ண முடியாத காலம். ஊர் ஊராக வேலை மாறினார், பணக்கஷ்டமும் பட்டார். உலகமே கைதட்டிய ஒருவருக்கு அந்த நிலை வந்திருக்கக் கூடாது என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. 1981-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கிடைக்கச் செய்தார்.

1994 நவம்பர் 12-ல் மூளைப் புற்றுநோயால் காலமானார். வயது 54. மறு ஆண்டு, அவர் முப்பது சுற்று ஓடிய அதே கல்லூரியில் ஒரு மாணவர் விடுதிக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.