கொம்பில்லாக் கறுப்பு மாடுகளை உருவாக்கிய ஹியூ வாட்சன்

உலகின் பல நாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் அபர்டீன் ஆங்கஸ் மாடுகளைத் தொலைவிலேயே அடையாளம் காணலாம். உடல் கறுப்பு, தலையில் கொம்பு இருக்காது. இந்தத் தோற்றத்தை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு ஸ்காட்லாந்தின் குத்தகை விவசாயி ஹியூ வாட்சனைச் சேரும்.

ஆங்கஸ் வட்டாரத்தில் கொம்பில்லா மாடுகள் அவருக்கு முன்பே இருந்தன. ஆனால், அவை கறுப்பு, சிவப்பு, வரிநிறம் எனப் பலவாறாக இருந்தன. இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் காளைகளுடன் கலப்பினம் செய்யும் வழக்கமும் பரவியது. அது அப்படியே தொடர்ந்திருந்தால் உள்ளூர் இனம் தனி அடையாளமின்றிக் கரைந்திருக்கும்.

1808ஆம் ஆண்டு வாட்சன் கெய்லர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். தந்தை அவருக்கு ஆறு பசுக்களையும் ஒரு காளையையும் கொடுத்தார். அதே ஆண்டு அவர் சந்தையில் பத்துக் கிடாரிகளையும் ஒரு காளையையும் வாங்கினார். காளை கறுப்பு, கிடாரிகளோ பல நிறங்களில் இருந்தன. தமது மந்தை கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்த வாட்சன், சிறந்த உடற்கட்டுடைய கறுப்பு மாடுகளையே தலைமுறை தலைமுறையாக இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்தார்.

நிறம் மட்டும் அவரது அளவுகோல் அல்ல. 1824இல் பிறந்த 'ஓல்டு கிரானி' என்ற அவரது பசு சுமார் 35 ஆண்டுகள் வாழ்ந்து 29 கன்றுகளை ஈன்றது. 1842இல் பிறந்த 'ஓல்டு ஜாக்' காளைக்கு, 1862இல் வெளிவந்த வம்சப் பதிவேட்டின் முதல் தொகுதியில் முதலாம் எண் வழங்கப்பட்டது. இன்றைய ஆங்கஸ் மாடுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவை.

ஓல்டு ஜாக்கின் தந்தையின் பெயர் 'சாம்பல் மார்பு ஜாக்'. முப்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் மந்தை முழுக்கக் கறுப்பாகிவிடவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

சிவப்புக் கன்றுகள் பிறப்பதற்கான காரணம் அன்று எவருக்கும் தெரியாது. கறுப்புக்குரிய மரபணு ஒன்று இருந்தாலே கன்று கறுப்பாகத் தெரியும். சிவப்புக்குரியது உள்ளே மறைந்திருக்கும். அதைச் சுமக்கும் கறுப்புக் காளையும் கறுப்புப் பசுவும் சேர்ந்தால், சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்று சிவப்பாகப் பிறக்கும். கொம்பின்மையும் இவ்வாறே கொம்பை மறைத்து வைக்கும் பண்பு. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே நம்பித் தேர்வு செய்த வாட்சனால், மறைந்திருந்த சிவப்பை முழுமையாகக் களைய முடியவில்லை.

1860இல் அவரது மந்தை விற்கப்பட்டுப் பல பண்ணைகளுக்குப் பிரிந்து சென்றது. 1865இல் வாட்சன் காலமானார். மரபுப் பண்புகளின் விதிகளை விளக்கிய மெண்டலின் ஆய்வுக் கட்டுரை அச்சேறியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

1873இல் கொம்பில்லாக் கறுப்புக் காளைகள் நான்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக்குச் சென்றன. நீண்ட கொம்புடைய டெக்சஸ் பசுக்களோடு சேர்ந்தபோது அவற்றுக்குப் பிறந்த கன்றுகளிடமும் அதே கறுப்பும் கொம்பின்மையும் மேலோங்கி நின்றன. பண்ணையாளர்களின் கவனம் ஆங்கஸ் இனத்தின் பக்கம் திரும்பியது.

1917இல் அமெரிக்க ஆங்கஸ் சங்கம் சிவப்பு மாடுகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது. ஆயினும் கறுப்புப் பெற்றோருக்குச் சிவப்புக் கன்றுகள் பிறந்துகொண்டேயிருந்தன. தரத்தில் அவை குறைந்தவை அல்ல என்று கண்ட பண்ணையாளர்கள் 1954இல் சிவப்பு ஆங்கஸுக்குத் தனிச் சங்கம் தொடங்கினர். வாட்சன் ஒதுக்கிய நிறமும் இன்று ஆங்கஸ் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.