ராமாவரம் தோட்டத்து மனிதரும் ஒரு சிறிய பரிசோதனையும்



பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகப் பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். அந்தச் சாலையில் ராமாபுரத்தை ஒட்டி இருக்கிறது ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். வாழ்ந்ததும் இறந்ததும் அங்கேதான். அவருடைய சினிமாவையும் அரசியலையும் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த முறை அவருடைய வாழ்க்கையை உடல்நலத்தின் பக்கமிருந்து பார்ப்போம். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீட்டை நம் வளாகத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இது நம் கதையும்தான்.

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. அண்ணன் சக்கரபாணியும் அவரும் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். 1936இல் சதி லீலாவதி படத்தில் சிறிய வேடம் கிடைத்தது. கதாநாயகனாக ராஜகுமாரி வெளிவந்தது 1947இல். நடுவில் 11 ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பிலும் அதற்குப் பிறகும் அவர் கைவிடாதது உடற்பயிற்சி. சிலம்பம், கத்திச் சண்டை எல்லாம் முறையாகப் பழகியவர். புகைப்பதையும் குடிப்பதையும் திரையில் உயர்த்திக் காட்டாதவர். 1959இல் சீர்காழியில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது கால் எலும்பு முறிந்தது. குணமாகி மறுபடியும் சண்டைக் காட்சிகளில் நடித்தார். 1967 ஜனவரி 12 அன்று அதே ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் மாறியதே தவிர மனிதர் தளரவில்லை. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். 1972இல் கட்சி தொடங்கி, 1977இல் முதலமைச்சரானார். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சிறு வயதில் பசியை அறிந்தவர் கொண்டுவந்த திட்டம் அது.

இப்படி எலும்பு முறிவையும் துப்பாக்கிக் குண்டையும் வென்ற உடம்பைச் சாய்த்தது, சத்தமில்லாமல் வந்த வேறொன்று. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 1984 அக்டோபர் 5 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அதையொட்டி லேசான மாரடைப்பும் கடுமையான பக்கவாதமும் வந்தன. அன்று தமிழ்நாடே கோயில், சர்ச், மசூதி என்று பிரார்த்தனையில் இருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

சிறுநீரகம், இதயம், மூளை ஆகிய மூன்றும் ஏன் அடுத்தடுத்து பாதிக்கப்பட வேண்டும்? மூன்றையும் இணைப்பது ரத்தக் குழாய்தான். சிறுநீரகம் என்பதே மெல்லிய ரத்தக் குழாய்களின் மூட்டை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. பல ஆண்டுகள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாகவே இருந்தால், குழாய்களின் உட்பூச்சு கெடுகிறது. ரத்தத்திலேயே தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் அப்போது வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீரில் கசிகிறது. அதே கேடு இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் நடந்துகொண்டிருக்கலாம். அங்கே உட்புறம் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாகிறது. அதை நம் கண்ணால் பார்க்க முடியாது. சிறுநீரகத்தின் கசிவை மட்டும் ஒரு சிறு பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

இந்த உறவைத் தொட்டுக் காட்டியவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். 1827இலேயே, சிறுநீரைச் சூடாக்கினால் திரிகின்ற புரதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை அவர் எழுதிவிட்டார். அப்படிப்பட்ட நோயாளிகள் பலருக்கு இதயம் பெருத்திருந்ததையும் கவனித்தார். ஆனால் மிகச் சிறிய அளவு கசிவே ஆபத்தின் அறிகுறி என்பது தெரிய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. வயது வந்த பின் சர்க்கரை வந்தவர்களில் இந்தச் சிறு கசிவு உள்ளவர்கள் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று டென்மார்க் மருத்துவர் மொகென்சன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட ஆண்டு எது தெரியுமா? அதே 1984. பிற்பாடு வந்த ஆய்வுகள், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இது மாரடைப்பு, பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்று காட்டின. இன்று நமக்குச் சாதாரண லேபில் கிடைக்கிற தகவல், எம்.ஜி.ஆர். காலத்தில் மருத்துவ உலகமே அப்போதுதான் படித்துக்கொண்டிருந்த பாடம்.

1984 நவம்பர் 5 அன்று தனி விமானத்தில் அவரை நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்துக்குக் கொண்டு சென்றார்கள். டிசம்பர் 19 அன்று மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள். பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரி 4 அன்று ஊர் திரும்பி, 10ஆம் தேதி மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை. வசனத்தாலும் மேடைப் பேச்சாலும் மக்களைக் கட்டிப்போட்டவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். 1987 டிசம்பர் 24 அதிகாலையில் ராமாவரம் தோட்டத்தில் இதயம் நின்று இறந்தார். வயது 70. மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. இன்று அவர் பெயரில், காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்கான பள்ளி அந்தத் தோட்டத்தில் நடக்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். நம்மில் பலர் ஆண்டுக்கு ஒருமுறை செக்கப் செய்து, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது போதாது. சிறுநீரகத்துக்குக் கையிருப்புத் திறன் அதிகம். பாதியளவு திறன் போன பிறகும்கூட ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மலாகக் காட்டலாம். வங்கிக் கணக்கில் பேலன்ஸைப் பார்த்துத் திருப்தி அடைந்து, மாதாமாதம் போகும் சில்லறைப் பற்றுகளைப் பார்க்காமல் விடுவது போல. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் ஆல்புமின் இல்லை என்று எழுதியிருந்தாலும், சிறு கசிவு அதில் தெரியாமல் போகலாம்.

கேட்க வேண்டியது சிறுநீர் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம். ஏ.சி.ஆர். என்றால் லேபில் புரியும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் கொஞ்சம் போதும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருந்தால் நார்மல். 30 முதல் 300 வரை சிறு கசிவு. அதற்கு மேல் போனால் பெரிய கசிவு. ஒருமுறை கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் கூடும். சில மாத இடைவெளியில் மறுபடி எடுத்து, மூன்றில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில், நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும். பிரஷர் உள்ளவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கசிவு தெரிந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. பிரஷரையும் சர்க்கரையும் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்து, மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதை விட்டால் பாதி வேலை முடிந்தது.

வாக்கிங் போகிறேன், குடிப்பதில்லை, புகைப்பதில்லை, எனக்கென்ன என்று யாராவது சொன்னால், தினமும் உடற்பயிற்சி செய்த எம்.ஜி.ஆரை நினைவுபடுத்துங்கள். அடுத்த முறை நம் வளாகத்தில் மருத்துவ முகாம் வைக்கும்போது, சர்க்கரை, பிரஷரோடு ஏ.சி.ஆரையும் சேர்க்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்காமல், இந்த மாதம் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகிறவர்கள் இதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.