நீதியைத் தமிழாக்கிய வேதநாயகர்

நாட்டில் வாழ்வோர் அனைவரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவராவர். சட்டத்தை அறியேன் எனக் கூறிக் குற்றத்தினின்று எவரும் தப்ப இயலாது. ஆயின், அச்சட்டம் மக்கள் அறியாத மொழியிலும் அவர்கள் தேடிக் காண்டற்கரிய ஏடுகளிலும் கிடக்குமாயின், அதனை அறிந்து ஒழுகுதல் அவர்கட்கு எங்ஙனம் கூடும்? நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே இவ்வினாவை உள்ளத்துட் கொண்டு உழைத்த பெருந்தகையார் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆவர்.

வேதநாயகர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் தோன்றினார். தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மையார். இளமையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் தமிழும் ஆங்கிலமும் செவ்வனே பயின்றார். பயின்ற கல்வியே அவருக்குப் பணியையும் தேடித் தந்தது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அவர் அமர்ந்தார். வழக்குக் கட்டுகளின் நடுவே கழிந்த அவ்வாண்டுகள், நீதி தேடி வரும் எளிய மக்கள் படும் இடர்களை அவர் அண்மையிலிருந்து காணும் வாய்ப்பை நல்கின.

அக்காலத்துச் சட்ட நிலை மிகச் சிக்கலானது. சென்னை நகர எல்லைக்குள் ஆங்கிலச் சட்டத்தின் வழி நின்ற உச்சநீதிமன்றம் ஒன்று இருந்தது. வெளி மாவட்டங்களிலோ கும்பினியார் 1802ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது வகுத்த ஒழுங்குவிதிகள் வழங்கின. அவற்றிற்குத் தலைமையாகச் சதர் நீதிமன்றம் விளங்கிற்று. குற்ற வழக்குகளில் கும்பினியார் திருத்திய இசுலாமியச் சட்டம் கையாளப்பட்டது. சொத்துரிமை, மகவேற்பு முதலிய வழக்குகளில் இந்துக்களுக்கு அவர்தம் அறநூல்களும், இசுலாமியர்க்கு அவர்தம் மறைநூல் முறைகளும் அளவையாயின. அறநூல் வல்ல பண்டிதரும், இசுலாமியச் சட்டம் வல்ல அறிஞரும் நீதிமன்றங்களில் அமர்ந்து கருத்துரைத்தனர். இவ்வாறு பல துறைகளாய்ப் பிரிந்து கிடந்த சட்டத்தில் எளிய உழவன் ஒருவன் தன் வழக்கிற்கு எவ்விதி பொருந்தும் என அறிவது அரிதினும் அரிதாயிற்று.

விதிகளையன்றி முன்னைத் தீர்ப்புகளும் நீதிக்கு வழிகாட்டுவன. ஒரு வழக்கில் மேல்மன்றம் உரைத்த முடிபு, அதனை ஒத்த பிற வழக்குகட்கும் அளவுகோலாகும். அவ்வளவுகோல் இல்லையெனில், ஒத்த வழக்கு இரண்டில் ஓரூரில் ஒரு முடிபும், மற்றோரூரில் வேறொரு முடிபும் கிடைக்கும். சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாத வழக்கறிஞரும் வழக்காடுவோரும், அத்தீர்ப்புகள் தமக்குச் சார்பானவையாக இருந்தும் பயன்கொள்ள மாட்டாதவராயினர். கையில் விளக்கிருந்தும் கண் கட்டப்பட்டவன் நிலையே அவர்தம் நிலையாயிற்று.

1857ஆம் ஆண்டில் வேதநாயகர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் உரிமை வழக்குகளை முதற்கண் கேட்டு முடிவு கூறும் நீதிபதி ஆவர். பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் அவர் அப்பதவியை வகித்தார். கைக்கூலியை அவர் பெரிதும் வெறுத்தார். 1859ஆம் ஆண்டில் அவர் இயற்றிய நீதிநூலுள் அக்கொடுமையைக் கடிந்து பாடினார். பாடியவாறே நடந்தும் காட்டினார்.

தாம் நேர்மையாக இருத்தல் மட்டும் போதாது என்பதை வேதநாயகர் உணர்ந்தார். நீதிபதி நல்லவராயினும், சட்டம் விளங்காதாயின் ஏழையின் அச்சம் நீங்காது. ஆதலின், 1805 முதல் 1861 வரையில் வெளிவந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தொகுத்தார். சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயருடன் அந்நூல் 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. சட்டத்துறைச் சொற்கள் தமிழில் நன்கு நிலைபெறாத அந்நாளில் இஃது எளிதில் முடியத்தக்க பணியன்று. ஆங்கிலச் சொல்லின் பொருளும் பிறழலாகாது; தமிழ் படிப்போர்க்கும் விளங்குதல் வேண்டும். இரு மொழிப் புலமையும் வழக்குமன்றப் பட்டறிவும் ஒருங்கே வாய்ந்தமையால் அவர் அதனைச் செய்து முடித்தார்.

அதே காலத்தில் அரசினரும் சட்டத்தைச் சீர்செய்யத் தலைப்பட்டனர். 1859இல் உரிமை வழக்கு நடைமுறைச் சட்டம் இயற்றப்பெற்றது. 511 பிரிவுகளைக் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பெற்று, 1862இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே சென்னை உச்சநீதிமன்றமும் சதர் நீதிமன்றமும் ஒன்றாகி உயர்நீதிமன்றமாயின. பண்டிதர்களும் இசுலாமியச் சட்ட அறிஞர்களும் மன்றத்தில் கருத்துரைக்கும் வழக்கம் 1864இல் நீங்கிற்று. சிதறிக் கிடந்தவை தொகுக்கப்பட்டன; இரட்டை மன்றங்கள் ஒன்றாயின. எனினும், மொழித்தடை மட்டும் முற்றும் நீங்கவில்லை.

அத்தடையை வேதநாயகர் மறந்தாரல்லர். 1879இல் அவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் புதினமாகப் போற்றப்படுவது. தமிழறிந்த நீதிபதியின் முன், தமிழரான கட்சிக்காரர்க்காக, தமிழரான வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அந்நூலில் அவர் எள்ளி நகையாடினார். தம் நிலமும் பொருளும் எவ்வாறு வழக்காடப்படுகின்றன என்பதனை உரியவரே அறியாதிருத்தல் நீதியாகாது என்பது அவர்தம் கொள்கை.

அவர் உள்ளம் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. பெண்கல்வியை வலியுறுத்தி நூல் இயற்றினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளை வாரி வழங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக்கோவை பாடினார் என்பதே அவர்தம் பெருமைக்குச் சான்றாகும். 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் காலத்தில் எழுந்த தண்டனைச் சட்டம் 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று நீங்கி, 358 பிரிவுகளைக் கொண்ட புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. காலந்தோறும் சட்டங்கள் மாறும். பிரிவுகள் குறையும், கூடும். ஆயினும், பிரிவுகளைக் குறைப்பதனால் மட்டும் சட்டம் எளிதாகிவிடாது. வழக்காட வந்த எளியவன் தன்மீது கூறப்பட்ட தீர்ப்பைத் தானே படித்து உணரும் நாளிலேதான் அது எளிதாகும். அந்நாளை நோக்கித் தமிழில் முதலடி எடுத்து வைத்தோருள் வேதநாயகர் தலையாயவர். கற்றோர் தாம் கற்றதனைக் கல்லாதார்க்கும் பயன்படச் செய்தலே கல்வியின் பயன் என்பதனை அவர் வாழ்க்கை நமக்கு இனிது விளக்குகின்றது.